பலகை அறியாத கால்கள்

செருப்பு மிதிப்பதிலிருந்து மின்சாரம் எடுக்கிறோம் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் யாரிடமாவது போய்ச் சொல்லிப் பாருங்கள். முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் உங்கள் காலைப் பார்ப்பார்கள், அதற்கப்புறம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ரேணுகா அப்படி எத்தனையோ கம்பெனிகளில் டீ குடித்துவிட்டுத் திரும்பியவள். ஞானசேகரன் ஒருவர்தான் டீ கொடுத்த கையோடு, சரி, காட்டுங்கள் பார்ப்போம் என்றார்.

ரேணுகா தென்காசிப் பக்கம். வேலப்பன்சாவடியில் இன்ஜினீயரிங் படிக்க வந்து, வேலை பார்த்து, வேலையை விட்டு, கூடப் படித்த ஸ்ரீராமோடு சேர்ந்து பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, இரண்டு வருஷமாக ஒரே ஒரு சாமானைச் செய்துகொண்டிருந்தாள். சேஃப்டி ஷூவுக்குள் வைக்கிற ஒரு மெல்லிய அட்டை. அதன் குதிகால் பக்கத்தில் ஒரு தகடு. மிதித்தால் அதிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம் வரும். விளக்கு எரிக்க அது காணாது. ஆனால் மிதித்தது இன்னார் என்று காற்றில் ஒரு தடவை சொல்லிவிட்டு ஓய அது போதும். பேட்டரி கிடையாது, சார்ஜ் போடுகிற தொல்லை கிடையாது, வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்கிற பேச்சே கிடையாது. ஆள் நடந்தால் போதும், ஷூ தானே பேசும்.

இந்தப் பேச்சைக் கேட்கத்தான் ஞானசேகரனின் புது ஓவன் வாசலில் எழுத்து எரிகிற ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அவர் தொழில் பவுடர் கோட்டிங். ஜன்னல் சட்டம், கேட், நாற்காலிக் கால் என்று இரும்பில் எதைக் கொண்டுவந்தாலும் மேலே வண்ணப் பொடியைத் தூவி ஓவனில் சுட்டுக் கொடுப்பார். ஓவன் என்றதும் வீட்டு அடுப்படியில் இருப்பதை நினைக்க வேண்டாம். உள்ளே ஒரு மினி பஸ்ஸை ஓட்டி நிறுத்தலாம். சரக்கைத் தள்ளுவண்டியில் தொங்கவிட்டு உள்ளே தள்ளி, ஷட்டரை இறக்கி, பர்னரை மூட்டுவார்கள். இருநூறு டிகிரி. உள்ளே ஆள் இருக்கும்போது ஷட்டர் இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

பழைய ஓவனில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே போகிற ஆள் தன் பூட்டை, ஓவனை ஓட்டுகிற பேனலின் சுவிட்சில் மாட்டிவிட்டுச் சாவியைத் தன்னோடு கொண்டுபோவார். அவர் வெளியே வந்து திறந்தால்தான் சுவிட்ச் அசையும். ஆபரேட்டர் கார்த்திகேசன் அந்தச் சாவியை அரைஞாணில் கோத்து வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நெமிலிச்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். ரேணுகாவுக்கு அந்தப் பூட்டைக் கண்டாலே ஆகாது. அவசரத்தில் மாட்ட மறந்தால் என்ன கதி?

"மனுஷன் மறப்பான்ணா. கால் மறக்காது" என்று அவரிடம் சொன்னாள். அதைச் சொன்னபோது அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

சும்மா சொல்லக் கூடாது, சோதனையில் அவள் ஒரு குறை வைக்கவில்லை. ஓவன் வாசலைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு. ஷூ அதைத் தாண்டினால் பலகையில் அந்த ஆளின் பெயர் சிவப்பில் எரியும். அவர் திரும்ப நடந்து கோட்டுக்கு வெளியே வருகிறவரை அணையாது. உள்ளே ஆடாமல் அசையாமல் நின்றாலும் அணையாது. மயக்கம் போட்டு விழுந்தால்? அதையும் பார்த்தார்கள். ஸ்ரீராம் ஓவனுக்குள் போய் மல்லாந்து படுத்து நன்றாகத் தூங்கியே போனான், பெயர் எரிந்துகொண்டே இருந்தது. ஈர ஷூ, கிழிந்த ஷூ, நொண்டிக் கால் எல்லாம் ஆயிற்று. உள்ளே ஒருவர்கூட இல்லையென்றால்தான் பலகை பச்சையாகும், பச்சையானால்தான் ஸ்டார்ட் பட்டன் வேலை செய்யும்.

கார்த்திகேசனுக்கு அந்தப் பலகை ரொம்பப் பிடித்துவிட்டது. காலையில் வந்ததும் கோட்டைத் தாண்டி ஒரு மிதி மிதித்துத் தன் பெயர் சிவப்பாக எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை. நம்ம பேரு கோயில் டியூப்லைட்லகூட வந்தது கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

புது ஓவனை வெள்ளிக்கிழமை மூட்டுவதென்று ஏற்பாடு. அன்றைக்குக் காலை ரேணுகா வந்ததுமே கார்த்திகேசன் பூட்டையும் அரைஞாணிலிருந்து கழற்றிய சாவியையும் அவள் கையில் வைத்தார். "இனிமே இது இன்னாத்துக்கும்மா. நீயே வெச்சுக்கோ" என்றார். விருது வாங்கினவள் மாதிரி அதை அவள் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ஓவன் ஒழுங்காக மூண்டு, பலகை ஒழுங்காக எரிந்தால், ஞானசேகரன் தன் மூன்று ஷெட்டுக்கும் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் பாடி மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான்.

புது மெஷினைப் பூஜை போடாமல் மூட்டுகிற வழக்கம் அந்த எஸ்டேட்டில் எந்த முதலாளிக்கும் கிடையாது. ஞானசேகரன் மனைவி கோமளா விடியலிலேயே வந்து இறங்கியிருந்தார். ஷட்டருக்கு இருபுறமும் வாழைக்கன்று, பேனலுக்குச் சந்தனம், குங்குமம், ஆள் உயரத்துக்குச் சாமந்தி மாலை. பலகைமேலும் சந்தனம் வைக்க வந்தவரை ரேணுகா கெஞ்சிக் கூத்தாடி ஓரத்தில் ஒரு பொட்டோடு நிறுத்தினாள். ஓவனுக்குள் கடைசிச் சுவரோரம், சரக்கு வண்டிக்குப் பின்னால், திருவேற்காட்டிலிருந்து வாங்கிவந்த அம்மன் படத்தை வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். சாமி இருக்கிற இடம் என்று கோமளா சொன்னதும் எல்லோரும் கோட்டுக்கு வெளியிலேயே ஷூவைக் கழற்றிச் சுவரோரமாக வரிசையாய் விட்டார்கள். ரேணுகாவும் விட்டாள். அவளுக்கு அதை யாரும் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை.

பூஜை முழுக்க அவள் கண் பலகைமேலேயே இருந்தது. காலையிலிருந்து பச்சை வருமா, வருமா என்று தவித்துக்கொண்டிருந்தவள் முன்னால் பலகை பளிச்சென்று பச்சையாய் நின்றது. அப்பாடா என்று இருந்தது. முப்பது பேர் மஞ்சள் கோட்டுக்குள் கைகூப்பி நின்றுகொண்டிருக்க, அங்கே ஒருவரும் இல்லை என்று அது அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அது அவள் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

கற்பூரம் காட்டி முடித்ததும் ஞானசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தீ மூண்டாக வேண்டும். எல்லோரும் வெளியே வாங்க என்று அவசரப்படுத்தினார். கூட்டம் வெளியே வந்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரத்தைக் கூட்டி வைத்தார்கள். ஸ்ரீராம் செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தான். ஞானசேகரன் பலகையைப் பார்த்தார், பச்சை. ரேணுகாவைப் பார்த்தார், அவள் தலையாட்டினாள். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினார்.

ஷட்டர் கடகடவென்று இறங்கி உட்கார்ந்தது. புளோயர் உறும ஆரம்பித்தது. உள்ளே தேங்கின காஸ் ஏதும் இருந்தால் வெளியே தள்ள, பர்னர் மூளும் முன்னால் அந்த விசிறி சில நிமிஷம் ஓடும். பேனல் திரையில் ஒரு நீலப் பட்டை கொஞ்சங்கொஞ்சமாக நிறைந்துகொண்டு போகும். முழுசாக நிறைந்ததும் தீ. எல்லோரும் கைதட்டினார்கள்.

கோமளா தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். கார்த்தி எங்கே, அவருக்கு நிறைய முந்திரி போட்டு எடுத்து வைத்திருக்கிறேனே என்று கேட்டார். இங்கேதான் இருப்பார் என்று சொல்லிவிட்டு ரேணுகா ஒரு வாய் எடுத்து வைத்தாள். சூடாக இருந்தது. உள்ளங்காலுக்குத் தரை சில்லென்று இருந்தது.

அந்தச் சில்லிப்பில்தான் குனிந்து பார்த்தாள். வெறுங்கால். மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். பச்சை. ரேணுகா என்று ஒருத்தி அங்கே இல்லவே இல்லை.

தொன்னையைக் கீழே வைத்தாள். திரும்பிச் சுவரோரம் பார்த்தாள். சிலர் ஷூவை மாட்டிக்கொண்டு போயிருந்தார்கள், பாதி இன்னும் கிடந்தது. ஒரு ஜோடியில் வலது குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது. தினமும் காலையில் ஒரே காலால் மிதித்துப் பெயர் பார்க்கிறவருடைய ஷூ.

இருக்கட்டும், இன்னும் பாதிப் பேர் வெறுங்காலோடுதானே நிற்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழாயடிக்குப் போயிருப்பார், இலை எடுத்துப்போடப் போயிருப்பார். "அண்ணா" என்று கூப்பிட்டாள். நாதஸ்வரமும் புளோயரும் அதை விழுங்கிவிட்டன. ஸ்ரீராமிடம் ஓடிப்போய்க் கேட்டாள். பின்பக்கம் போன மாதிரி இருந்தது என்று அவன் போனிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான். பின்பக்கக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். குழாயடியில் யாரும் இல்லை. அவருடைய போனுக்கு அடிக்கலாமென்றால் ஷெட்டுக்குள் தொழிலாளிகள் யாரும் போன் கொண்டுவரக் கூடாது. வாசல் பெட்டியில் கிடக்கும்.

திரையில் நீலப் பட்டை பாதியைத் தாண்டியிருந்தது.

நிறுத்தலாம். நிறுத்தினால் புளோயர் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும், அதற்குள் ராகுகாலம் வந்துவிடும். முதல் மூட்டலே தடைப்பட்ட ஓவன் என்று ஞானசேகரன் காலத்துக்கும் சொல்வார். அந்த நேரம் பார்த்து கார்த்திகேசன் வாயைத் துடைத்துக்கொண்டு எங்கிருந்தாவது வந்து நின்றால்? தன் பலகையைத் தானே நம்பாதவளிடம் எவன் சாமான் வாங்குவான்? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவள் இதையெல்லாம் நினைத்தாள். நினைத்துக்கொண்டு நின்றாள். பட்டை நகர்ந்தது.

அப்போது கோமளா பொங்கல் கரண்டியோடு திரும்பி, "அம்மன் படத்த யாரு எடுத்தா? உள்ள இருந்துச்சே" என்றார்.

ரேணுகா ஓடினாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எல்லோரும் வெளியே வந்த பிறகு யாருக்குப் படம் ஞாபகம் வந்திருக்கும், யார் சாமியை நெருப்பில் விட மனசில்லாமல் உள்ளே திரும்பியிருப்பார், எந்தக் காலோடு போயிருப்பார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்குப் பின்னால் குனிந்திருக்கும் ஆளை வாசலிலிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது. புது ஓவனுக்கு உள்பக்கமிருந்து திறக்கிற கைப்பிடி அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது.

பேனலில் சிவப்புப் பட்டனைக் காணவில்லை. சாமந்தி மாலை அதை மூடிக்கொண்டு தொங்கியது. மாலையைப் பிடித்து இழுத்தாள், கம்பியில் கட்டியிருந்ததால் வரவில்லை. மறுபடி இழுத்தாள். கோமளா பதறிப்போய் என்னம்மா பண்றே என்று அவள் தோளைப் பிடித்தார். மாலை அறுந்து பூவெல்லாம் தரையில் கொட்டியது. பேனல்மேல் சாய்ந்திருந்த வாழையிலையைக் கிழித்தாள். உள்ளங்கை முழுவதையும் வைத்துப் பட்டனை அடித்தாள்.

பட்டை நின்றது. நிறைய இன்னும் ஒரு விரல்கடைதான் பாக்கி. புளோயர் உறுமலிலிருந்து முனகலுக்கு இறங்கி ஓய்ந்தது. யாரோ நாதஸ்வரத்தை நிறுத்தினார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ஷட்டருக்கு அந்தப் பக்கமிருந்து, தகரத்தில், கையால்.

கோமளா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

ஷட்டர் முழங்கால் உயரம் ஏறுமுன்பே கார்த்திகேசன் குனிந்து வெளியே வந்துவிட்டார். ஒரு கையில் அம்மன் படம், மார்போடு அணைத்தபடி. மற்றக் கை விரல் முட்டியெல்லாம் தோலுரிந்து ரத்தம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. படத்தை முதலில் கோமளாவிடம் கொடுத்தார், அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தார். ஸ்ரீராம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். குடித்ததில் பாதி சட்டையில் வழிந்தது.

ரேணுகா அவருக்கு எதிரில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அவர் அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஷட்டர் எறங்கச்சொல்ல நான் பயப்படவே இல்லம்மா" என்றார். "பலகைல எம்பேரு எரிஞ்சுகினு இருக்கும், யாரும் நெருப்பு வெக்க மாட்டாங்கன்னு வெளக்க அணைச்சிட்டு அப்பிடியே குந்திகினு இருந்தேன். காத்து வேற ஜில்லுனு அடிச்சுது." ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினார். "அப்பால காலுக்குத் தகரம் ஜில்லுனு கீதேன்னு தடவிப் பாத்தேன். கால்ல ஒண்ணுமே இல்ல. அப்பத்தான் தட்ட ஆரம்பிச்சேன்."

அவருக்குப் பதிலாக அவள் அழுதாள். அழுகை என்றால் சத்தம் கிடையாது, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். உள்ளே அந்த மனிதர் இருட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளைக் கொன்றது. தட்டிக்கொண்டிருந்த நேரத்தைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள்.

ஞானசேகரன் நல்ல மனிதர்தான். முதலில் கார்த்திகேசனின் தோளைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டார், அவர் வேண்டாமென்ற பிறகுதான் ரேணுகாவைத் தனியே கூப்பிட்டார். ஷூ இல்லாமல் ஓவனுக்குள் போகக் கூடாது என்பது கம்பெனி விதி, வாசலில் பெரிசாக எழுதிக்கூடப் போட்டிருக்கிறது, அதை மீறினது அவர் தப்பு, உங்கள் சாமான் உங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தது, இதை மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றார். பக்கத்தில் நின்ற ஸ்ரீராம் வேகமாகத் தலையாட்டினான். அவளும் ஒரு தடவை தலையாட்டியிருந்தால் போதும். மூன்று ஷெட்டுக்கும் ஆர்டர் அந்தத் தலையாட்டலில்தான் இருந்தது.

"சார், அம்மன் படத்த எடுக்க நீங்க ஷூவோட போவீங்களா?" என்று கேட்டாள்.

ஞானசேகரன் வாயைத் திறந்தவர் கோமளாவைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அவரும் வெறுங்காலோடுதான் நின்றுகொண்டிருந்தார்.

"நானும் போக மாட்டேன் சார். எங்க வீட்ல வாசல்லயே கழட்டிட்டுத்தான் உள்ள போவேன். நொண்டிக் கால் வரைக்கும் யோசிச்ச எனக்கு இது தோணல." ஸ்ரீராம் அவள் முழங்கையைத் தொட்டான். அவள் நிறுத்தவில்லை. "தப்பு என் பலகைலதான். அதை நம்பி அவரோட பூட்டை எடுக்க வெச்சதும் நான்தான்."

கைப்பையைத் திறந்து பூட்டையும் சாவியையும் எடுத்துக் கார்த்திகேசனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். உள்ளே விளக்கும் தட்டும் இன்னும் கிடந்தன, அதையெல்லாம் யாராவது போய் எடுத்துவர வேண்டும். ராகுகாலம் வந்துவிட்டது, அது முடிகிறவரைக்கும் யாரும் பேனல் பக்கம் போகப் போவதில்லை. அப்படியும் அவர் எழுந்தார். சுவரோரம் போய்த் தன் ஷூவைத் தேடி எடுத்து, தோலுரிந்த விரல்களால் நாடாவைக் கட்ட முடியாமல் அப்படியே விட்டுவிட்டு, பேனலை நோக்கி நடந்தார். பேனல் கோட்டுக்கு வெளியேதான் இருந்தது, ஆனால் குறுக்கே நடந்ததில் மஞ்சள் கோட்டைத் தாண்டினார்.

பலகை பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. கார்த்திகேசன் என்று பெரிய எழுத்தில் எரிந்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவரும் நின்று அண்ணாந்து பார்த்தார். தினமும் காலையில் அதைப் பார்த்ததும் வருகிற சிரிப்பு அன்றைக்கு வரவில்லை.

"இப்ப எரியுதும்மா" என்றார்.

அவர் கீழே சிதறிக் கிடந்த சாமந்தியை மிதிக்காமல் சுற்றிப்போய்ப் பேனல் சுவிட்சில் பூட்டை மாட்டினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சட்டையைத் தூக்கிச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார்.